டாக்டரின் கட்டுரைகளும் என் இடது காலும்

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்த மகள். கட்டு மாற்றும் மலாய் நர்ஸ் மிஸ்ஸி. அறுவை டாக்டர், தமிழர், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கட்டைப் பிரித்து ஸ்டூலில் வைத்த என் இடது கால்.

எனக்குப் பல வருஷமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். வெறுங்கால். தார் ரோடு கொதித்தது. மற்றவர்கள் தாவித் தாவி நடந்தார்கள். எனக்குச் சுடவில்லை. முருகன் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தரையில் ஈரத் தடத்தை மனைவிதான் பார்த்தாள். கொப்புளம் உடைந்திருந்தது. காலில் உணர்ச்சி போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு புண் அழுகியது.

"ரெண்டு வழி இருக்கு அங்கள்," என்றார் டாக்டர். "முட்டிக்குக் கீழ எடுத்துட்டா ஒரேயடியா முடிஞ்சிரும். இல்லன்னா ரெண்டு விரல மட்டும் எடுத்துட்டுப் பார்க்கலாம். புண்ணு ஏறிட்டா திரும்ப வெட்டணும். யோசிச்சு வைங்க, வந்துடுறேன்."

நான் பெக்கான் நானாஸில் அன்னாசி லோரி ஓட்டுகிறேன். இடது கால்தான் கிளட்ச். கால் போனால் லோரி போச்சு.

மகள் போனை எடுத்து டாக்டர் பெயரைத் தட்டினாள்.

"நெறைய எழுதியிருக்காருப்பா. எல்லாம் ஆபரேஷன், இனிப்புநீர்."

"யாருக்கு எழுதுறாரு?"

"மத்த டாக்டருங்க படிக்க."

ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"எத்தன பேரு இத எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு."

அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. முக்கால்வாசி சின்ன நம்பர். சிலதுக்குப் பூஜ்யம். ஒன்றுக்கு மட்டும் பெரிய நம்பர். ஏன் அதற்கு மட்டும்?

"அது கால் விரல் எடுத்தவங்களப் பத்தி," என்றாள் மகள்.

"அத்தன பேரு சொல்றாங்கன்னா கைராசிக்காரர்தாங்க," என்றாள் மனைவி. "விரலோட முடிச்சிக்கச் சொல்லுங்க."

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். குணமானவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று. லோரிக்குப் பட்டறை தேடும்போதும் ஓட்டுநர்கள் சொல்வதைத்தானே கேட்கிறோம்.

டாக்டர் திரும்பி வந்தார்.

"அந்த விரல் கட்டுரையில அத்தன பேரும் இப்ப நடக்கிறாங்களா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. மகள் போனைக் காட்டினாள். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அது நோயாளிங்க இல்ல அங்கள். வேற டாக்டர் எழுதறப்ப என்னோடத குறிப்பிட்டா, ஒண்ணு ஏறும்."

"நல்லா இருக்குன்னா?"

"நல்லா இருக்குன்னாலும் ஏறும். தப்புன்னு சண்டை போட்டாலும் ஏறும்."

"அலமாக்!" என்றாள் மனைவி. "அப்ப கைராசி இல்லையா?"

"அதுல அப்படி என்னதான் எழுதினீங்க?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். "நான் விரல் எடுத்து அனுப்புனவங்கள்ல யாரு திரும்பி வந்தாங்க, ஏன் வந்தாங்கன்னு. நெறைய பேர் வந்தாங்க."

"வேல சரியில்லன்னு நீங்களே எழுதினீங்களா?"

"கொஞ்சம் என் வேலையும்தான். மிச்சம், வீட்டுக்குப் போயி வெறுங்கால்ல நடந்தது."

"நல்லபடியா போனத எழுதலையா?"

"எழுதினேனே. கீழ கிடக்கு பாருங்க, பூஜ்யம்."

மிஸ்ஸி என்னவென்று மலாயில் கேட்டாள். அவர் சொன்னதும் அவளும் சிரித்தாள்.

செய்த வேலை திரும்பி வந்ததைத் தானே சொல்லும் மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

"விரல எடுங்க," என்றேன்.

"இனிமே வெறுங்கால் கூடாது."

"கோயிலுக்குள்ள?" என்றாள் மனைவி.

"அங்கயும்தான். உள்ள போட மட்டும் புதுசா துணிச் செருப்பு ஒண்ணு வெச்சுக்குங்க. சாமி கோவிச்சுக்காது."

"சாமி விட்டாலும் நான் விடமாட்டேன்," என்றாள் என்னைப் பார்த்து.

அடுத்த பூசத்துக்கு அவள் பால்குடம் எடுத்தாள். நான் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். சிலர் முறைத்தார்கள். அவள் திருப்பி முறைத்தாள்.

லோரி ஓடுகிறது. கிளட்ச் மிதிக்கப் பழக வேண்டியிருந்தது. பழகிவிட்டேன்.

பிறகு ஒரு தடவை டாக்டர் கேட்டார். "புதுசா ஒரு கட்டுரை எழுதறேன். உங்களையும் சேர்க்கட்டா? பேரு வராது."

"எந்தப் பக்கம்?"

"திரும்பி வராதவங்க பக்கம். இதுவரைக்கும்."

சரி என்றேன். யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் மகளிடம் அவ்வப்போது பார்க்கச் சொல்கிறேன்.

செக்கப்புக்குப் போனால் இரண்டு காலையும் ஸ்டூலில் வைக்கச் சொல்வார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணுவார். நானும் கூடவே எண்ணுவேன். போன வாரமும் எண்ணினோம்.

எட்டு.