வராத ஒன்பது பேர்

1. முப்பத்தாறு தலை

வேலையில் சேர்ந்த முதல் நாள், பள்ளிக்கூட வாசலில் நான் குடையை மடக்கி முடிப்பதற்குள் ஹெட்மாஸ்டர் ஓர் எண்ணைச் சொன்னார்.

"டீச்சரே, முப்பத்தாறு. மனசில வச்சுக்கிடுங்கோ. உங்களுக்கு நாலாம் கிளாஸ் பி டிவிஷன். ரிஜிஸ்டர்ல முப்பத்தெட்டு பேரு உண்டு. இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுகப்போ முப்பத்தாறு தலை பெஞ்சில இருந்தா டிவிஷன் நிக்கும். இல்லேன்னா பி-யைத் தூக்கி ஏ-யில போட்டுருவாரு."

"அப்போ நான் சார்?"

"நீங்க வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போலாம். நல்ல பஸ்ஸுதான்."

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இருந்த காலம் அது. பள்ளிக்கூடம் இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, அலைச்சத்தம் ஓட்டுக்கூரை வழியாக ஒழுகுகிற தூரத்தில் இருந்தது. நான் கோட்டாற்றுக்காரி. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் மணலில் நடக்க வேண்டும். இடவப்பாதி மழை குடைக்கு மேலிருந்து பெய்யாது, பக்கத்திலிருந்து பெய்யும். டிரெயினிங் முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை. அப்பா ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வேலை இருக்கிற வரைக்கும் மாப்பிள்ளை பார்க்க மாட்டேன் என்று. ஆக, முப்பத்தாறு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல.

முதல் நாள் வகுப்பில் இருந்தவர்கள் இருபத்தொன்பது பேர்.

2. பந்தும் மணலும்

டிரெயினிங்கில் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தேன். 'பள்ளி திறக்கும் வாரத்தில் புத்தகத்தைத் திறக்காதே, பிள்ளைகளைத் திற' என்று முதல் பக்கத்தில் அடிக்கோடு போட்டிருந்தது. சொல்லிக்கொடுத்தவர் பிள்ளைகளைத் திறந்து பார்த்தவரா என்று எனக்குத் தெரியாது.

முதல் செயல்பாடு, சிரட்டையில் பயறு விதைத்து வளர்ச்சியைக் கவனிப்பது. விதைத்தோம். மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டுக் கோழிகள் வந்து கவனித்துவிட்டுப் போய்விட்டன.

இரண்டாவது பெயர்ப் பந்து. தென்னோலையில் முடைந்த பந்தை ஒருவர் எறிய, பிடிக்கிறவர் எழுந்து தன் முழுப்பெயரையும் தனக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். இது பிடித்துக்கொண்டது. "எம் பேரு புஷ்பம். நான் ஆட்டுக்குப் பிரசவம் பாப்பேன்" என்றாள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி. எனக்கு என்ன தெரியும் என்று அவளே கேட்டாள். யோசித்துப் பார்த்து, அடிக்கோல் வைத்து நோட்டில் கோடு போடத் தெரியும் என்றேன். வகுப்பு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

மூன்றாவது, வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரைவது. காகிதம் கிடையாது. முற்றத்து மணல் கிடந்தது. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் இருபத்தொன்பது பேரும் குனிந்து ஊரையே கீறிவிட்டார்கள். வேதக்கோயில், அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கல், தேங்காய்க் கதம்பை ஊறப்போடுகிற குளம், ரேஷன் கடை, கடல். வீடு இருக்கிற இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிப்பியை வைத்தார்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு சிப்பி.

"மக்களே, நீங்க இருபத்தொம்பது பேருதானே?"

"வராதவங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க வீட்டில வச்சிருக்கோம் டீச்சர்" என்றாள் புஷ்பம். "வீடு அங்கதான இருக்கு? அது எங்க போவும்?"

அன்று சாயங்காலமே மழை வந்து அந்த ஊரைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஒன்பது சிப்பிகளும் பஸ்ஸில் என்னோடு கோட்டாறு வரைக்கும் வந்தன. வழியில் மண் தெரிந்த இடத்திலெல்லாம் ஒன்பது வெள்ளைப் பொட்டு.

3. பேர் வாசிப்பு

மறுநாளிலிருந்து பேர் வாசிப்பதை மாற்றினேன். இது நோட்டில் இல்லாதது, என் சொந்தச் சரக்கு. வந்திருக்கிற பிள்ளை 'ஆஜர்' என்று சொல்லும். வராத பிள்ளையின் பேரை வாசித்தால் மற்றவர்கள் சேர்ந்து, அது இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் மறுநாள் விசாரித்துவிட்டு வர வேண்டும். பொய் கூடாது.

"லூர்தம்மாள்."

"தங்கச்சிக்குத் தொட்டில் ஆட்டுகா!"

"செல்லத்துரை."

"கதம்பை அடிக்கான்!"

"மிக்கேல்."

"அப்பனுக்கு வலைக் கிழிசல் பொத்துகான்!"

இருபத்தொன்பது தொண்டை. ஏ டிவிஷன் சார் நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுவார். இரண்டு வாரத்தில் யாரும் யோசிக்காமலே பதில் வந்தது. தும்மல் மாதிரி. பேர் காதில் விழுந்தால் இடம் வாயில் வந்துவிடும்.

ஆனால் ஒன்பது பேரும் வரவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்ததோடு சரி.

4. கைமாத்துப் பிள்ளைகள்

இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க கணக்கு எத்தனை டீச்சரே?"

"இருபத்தொம்பது சார்."

"மாறவே இல்லியா? செரி, பேடிக்கண்டாம், பயப்படாதீங்கோ. பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் எனக்கு மச்சினன். எட்டுப் பிள்ளையைக் கைமாத்தா அனுப்புகான். அடுத்த வாரம் அவனுக்கு எண்ணுவாங்க, அப்போ நாம எட்டு அனுப்பணும். இது வழக்கந்தான். ஆண்டாண்டுக்கு உள்ளது."

"ஏழு போதுமே சார்."

"ஒண்ணு கூடக் கிடக்கட்டும். ஒருத்தனுக்கு வயித்துவலி வந்தா?"

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்பது சின்ன வார்த்தைதான். ஆனால் நான் வந்த பஸ், அப்பா, கல்யாணத் தரகர் என்று வரிசையாக என்னென்னவோ அதன் பின்னால் நின்றன.

காலையில் எட்டுப் பேரும் தலைக்கு எண்ணெய் தேய்த்து வந்து நின்றார்கள். ஹெட்மாஸ்டரே ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் கொடுத்தார். "நீ செல்லத்துரை. நீ மிக்கேலு. ஏட்டி, நீ லூர்தம்மா. பேரு விளிச்சா என்ன சொல்லணும்?" "ஆஜர் சார்." பழகின பிள்ளைகள். ஒருமுறை சொன்னால் போதும்.

புஷ்பம் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், இவ லூர்து இல்லியே?"

"இன்னைக்கு மட்டும் மக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் வடக்கேயிருந்து வந்த மலையாளி. குடையை மூலையில் சாத்தி, கண்ணாடியைத் துடைத்து, தலைகளை எண்ணினார். முப்பத்தேழு. ஹெட்மாஸ்டர் தன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, தானே பேர் வாசிக்கத் தொடங்கினார். பதினொன்று வரை ஒரு குறையுமில்லை.

"லூர்தம்மாள்."

"ஆஜர் சார்" என்று கைமாத்துப் பெண் எழுந்தாள்.

"தங்கச்சிக்குத் தொட்டில் ஆட்டுகா!" என்றது வகுப்பு.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். நாலு பேர் தாண்டினார்.

"செல்லத்துரை."

"ஆஜர் சார்."

"கதம்பை அடிக்கான்!"

ஹெட்மாஸ்டருக்கு இருமல் வந்தது. மூன்றாவதாக எழுந்த பையன், "ஆஜர் சார்... இல்ல சார்" என்று தானே உட்கார்ந்துவிட்டான்.

இப்படி ஒரு சங்கதி வகுப்பில் இருப்பதை முந்தின நாளே ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். மறந்துவிட்டேன் என்று அன்று சொன்னேன். இன்றும் அப்படியேதான் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் கைமாத்துப் பெண்ணை அருகில் அழைத்தார். "குட்டி, நின்றெ பேரு எந்தா?"

"எங்க உள்ள பேரு சார்?" என்றாள் அவள். "இங்க லூர்தம்மா. போன வாரம் இன்னொரு பள்ளிக்கூடத்தில பொன்னுமணி. வீட்டில ரெத்தினம்."

"சார், மழைக்காலம் பாத்தேளா..." என்று ஹெட்மாஸ்டர் தொடங்கினார். மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரியாததால் நிறுத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரில் இருபத்தொன்பது என்று எழுதினார். எழுதிவிட்டு, வராத ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக வகுப்பிடம் கேட்டார். வகுப்பு சொன்னது. அவர் ஒன்பது இடங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார்.

"பத்து திவசம் கழிஞ்சு ஞான் வரும் டீச்சரே. இதில ஏழு பேரு இந்த பெஞ்சில உண்டாவணும். சொந்தப் பேரோட."

5. பத்து நாள்

வகுப்பு விட்டதும் நான் பஸ்ஸுக்குப் போகாமல் வீடுகளுக்குப் போனேன். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. மணலில் பார்த்த ஊர்தான்.

லூர்தம்மாளின் அம்மை மீன்கூடைக்காரி. "டீச்சரே, நான் கூடையைத் தலையில வைக்கட்டா, இந்தச் சின்னதை இடுப்பில வைக்கட்டா? ஒண்ணு சொல்லும்" என்றாள். சின்னதை வகுப்புக்கே கொண்டுவரட்டும் என்றேன். மறுநாள் நாலு பி-யின் பின்பக்க உத்தரத்தில் ஒரு தொட்டில் தொங்கியது.

அண்ணன் தம்பி இருவருக்குச் சேர்த்து ஒரு சட்டை. பள்ளிக்கூடத்துக்குச் சட்டையில்லாமல் வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தோளில் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்றேன். இரண்டு பேர். செல்லத்துரைக்கு வேலை கொடுக்கிற கதம்பைக்காரர், "பய காலையில ஆயிரம் அடி அடிப்பான், அதை நீரு வந்து அடிப்பீரா?" என்று கேட்டார். நான் அடிக்கிற கட்டையை வாங்கி அடித்துக் காட்டினேன். இருபதாவது அடியில் அவர் தலையிலடித்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம், நாரு நாசமாப்போவும். கூட்டிட்டுப் போவும்" என்றார். இன்னும் இரண்டு பேர் களை பறிப்பு முடிந்து தானாக வந்தார்கள்.

இரண்டு வீட்டுக்காரர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். ஆக வரக்கூடியவர்கள் ஏழே பேர். ஆறு வந்தாயிற்று. மிச்சம் மிக்கேல்.

மிக்கேலின் அப்பா கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடலு கிடக்க கிடப்பைப் பாத்தியளா டீச்சர்? இது அடங்குக வரைக்கும் பய சும்மாதான் இருக்கான். வருவான். இது என் வாக்கு."

மறுநாளே மிக்கேல் வந்தான். அந்த ஒன்பது நாளும் கடல் கரையை முட்டியது. வலைகளெல்லாம் குடிசைக்குள். ஊரே பட்டினி. நான் அந்த அலைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் பாடம் நடத்தினேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

6. கடல் அடங்கிய காலை

பத்தாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கினபோது காதில் ஏதோ குறைந்தது. மழை இல்லை. மணலில் பாதி தூரம் வந்த பிறகுதான் விளங்கியது. அலைச்சத்தம் இல்லை. இஸ்திரி போட்டு விரித்த மாதிரி கடல் கிடந்தது. அதன் மேல் கண்ணுக்கெட்டின வரைக்கும் கட்டுமரங்கள், எள்ளை இறைத்தது போல.

வகுப்பில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். தொட்டிலில் ஒன்று தூங்கியது. இன்ஸ்பெக்டர் அதை எட்டிப் பார்த்து, "இது கணக்கில் இல்லா" என்றார். உட்கார்ந்து பேர் வாசித்தார். லூர்தம்மாள் ஆஜர் சொன்னாள். செல்லத்துரை ஆஜர் சொன்னான். ஊரைவிட்டுப் போன இரண்டு பேருக்கும் வகுப்பு ஊர் பேரைச் சொன்னது.

"மிக்கேல்."

யாரும் பேசவில்லை.

அதுவரை அந்தப் பிள்ளைகளிடமிருந்து நான் கேட்டறியாத அமைதி. எத்தனை தலை வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வெளியே போயிருக்கான், இப்போ வந்திருவான் என்று ஒருவர் சொன்னால் போதும். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் காத்திருக்கவும் கூடும். முப்பத்தைந்து முகமும் என் பக்கம் திரும்பின.

புஷ்பம் எழுந்தாள். "டீச்சர், சொல்லட்டா?"

நான் தலையசைத்தேன்.

"கடலுக்குப் போயிருக்கான்" என்றார்கள். எப்போதும் போலக் கத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் முப்பத்தைந்து என்று எழுதி, பேனாவை மூடினார்.

7

பி டிவிஷன் ஏ-யோடு சேர்ந்தது. நான் வந்த பஸ்ஸிலேயே போனேன். மறுவாரம் தரகர் வந்தார். எட்டு மாதம் வந்துகொண்டிருந்தார். ஒன்பதாவது மாதம் கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் வந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இடையில் ஒரு நாள் கோட்டாறு கடைத்தெருவில் ஏ டிவிஷன் சாரைப் பார்த்தேன். குசலம் கூட விசாரிக்கவில்லை.

"நல்ல காரியம் பண்ணிட்டுப் போனீங்கோ டீச்சரே. அறுபத்தெட்டு பேரு எனக்கு. நீங்க கொண்டுவந்த ஆறும் இருக்கே, ஒரு நாளு லீவு எடுக்க மாட்டேங்குது. தொட்டிலையும் என் கிளாஸிலதான் கட்டியிருக்கு. நான் கணக்குப் போடுகப்போ பாத்து அது அழுவுது."

"மிக்கேல் சார்?"

"கடலு கலங்கினா வாறான். தெளிஞ்சா காணல."

இப்போது புதிதாகச் சேருகிற ஆசிரியர்களுக்கு ஜூன் மாதம் இரண்டு நாள் பேசச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் என்ன செயல்பாடு நடத்தலாம் என்று கேட்கிறார்கள். பெயர்ப் பந்தைச் சொல்கிறேன். மணலில் வழி வரைவதைச் சொல்கிறேன். பயறு விதைக்கிறதாக இருந்தால் முதலில் கோழி உண்டா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பேர் வாசிக்கிற முறையையும் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது மட்டும், இதனால் வேலை போகவும் வழியுண்டு என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, எழுதுகிற அவர்கள் கைகளைப் பார்க்கிறேன்.

இதுவரை யாரும் எழுதுவதை நிறுத்தவில்லை.