மணல்வாரிக்கு ஓர் அத்தாட்சி

அயர்லாந்தில் நோய் வந்தால் மட்டும் போதாது, வந்து போனதற்கு அத்தாட்சியும் வேண்டும். இங்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நர்ஸ். போன மாசியில், காய்ச்சலும் தடிப்புமாக வந்த ஒரு குழந்தை, நான் மாஸ்க்கை மாட்டுவதற்குள் முகத்திலேயே இருமிவிட்டது. மறுநாள் அது தட்டம்மை என்று உறுதியானது. ஊழியர் நலப் பிரிவிலிருந்து மோரீன் அழைத்தார். இரண்டு தவணைத் தடுப்பூசிக்குச் சான்று உண்டா, எதிர்ப்புச் சக்தி இருப்பதாக ரத்தப் பரிசோதனை உண்டா? என் பழைய காகிதங்களில் எதுவும் தேறவில்லை. அப்படியானால் மூன்று வாரம் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார்.

ஆனால் மறுவாரம் எடப்பாடியில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அவனுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான். ஏழு மாதக் குழந்தை, தட்டம்மை ஊசி போடும் வயதுகூட ஆகவில்லை. சீர்வரிசையோடு தட்டம்மையையும் கொண்டுபோய் இறக்கவா?

அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் தட்டம்மைக்கு மணல்வாரி என்று பேர்; அம்மா அதை நோய் என்றே சொல்லமாட்டார். "மணல்வாரியா ஆத்தா உனக்கு அஞ்சு வயசுலயே வந்து, தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் போனா கண்ணு" என்றார். அப்படியே மோரீனிடம் ஒப்பித்தேன்: எங்கள் தெய்வம் வீட்டுக்கு வந்துபோனாள், அம்மா சாட்சி. அவர் மிகுந்த மரியாதையோடு, வந்துபோன அந்தப் பெண்மணியிடமே ஒரு கடிதம் வாங்க முடியுமா என்று கேட்டார். விளக்கியதும் சிரித்துவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்.

முடிவு வரும்வரை நான் அறைக்குள் அடைந்துகிடந்தேன். அங்கே அம்மா, மகன் உடம்பில் ஆத்தா மறுபடி இறங்கியிருந்தால் என்ன செய்வது என்று, எடப்பாடி வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தாளிப்பு கிடையாது. கைக்குழந்தையோடு இந்தப் பக்கம் வராதே என்று தங்கைக்கும் உத்தரவு. "அவன் எங்கியோ கெடக்கறான், எனக்கெதுக்குடி பத்தியம்?" என்று அப்பா சப்பென்ற ரசத்தோடு மல்லுக்கட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிறுவயதில் நான் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபோதும் யாரும் உள்ளே வராமல், வாசலில் நின்றே விசாரித்துப் போனார்கள். மோரீனும் என் கதவருகே பால் பாக்கெட்டை வைத்துவிட்டு, ஜன்னல் வழியே கையசைத்துவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி வண்டி வண்டியாக இருக்கிறதாம். கட்டிலிலேயே ஒரு குதி குதித்தேன். அம்மா மட்டும் அசரவில்லை. "அவ போனாலும் காவலு வெச்சுட்டுத்தான் போயிருக்கறா" என்றார். வேப்பிலை இறங்கியது, வீட்டில் கடுகு வெடித்தது, நான் விமானம் ஏறினேன்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மருமகன் என் மடியில் உட்கார்ந்தான். இந்த இளஞ்சூட்டுக்காக எத்தனை தூரம் வேண்டுமானாலும் வரலாம் என்றிருந்தது. பத்தர் காதில் ஊசியை ஏற்றியதும் வீலென்று அலறினான். "நியர்லி டன், பெட், நியர்லி டன்" என்று, அயர்லாந்து நர்ஸுகள் குழந்தைகளைக் கொஞ்சும் பாணியில், என் வாய் தானாக அவனைத் தேற்றியது. சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. அவனும் அழுகையை நிறுத்தி, யாரடா இவன் என்று என்னை அண்ணாந்து பார்த்தான். என்ன செய்வது? அயர்லாந்தில் ஊசிக்கு அழும் குழந்தைகளை நான் "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றுதான் தேற்றுகிறேன். அவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.