பதின்மூன்று வயது வித்தியாசம்

கடலூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் நிரல் எழுதுவது என் பிழைப்பு. தகப்பனை இழந்த பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்கு ஆன்லைன் விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்தோம். மேலே தாயின் விவரம், கீழே வரிசையாகப் பிள்ளைகள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துவிடுகிறார்கள் என்று விடுதிக்காரர்கள் புலம்பியதால், தாய்க்கும் பிள்ளைக்கும் பதினைந்து வயதாவது வித்தியாசம் வேண்டும் என்று விதி வைத்தேன். பிள்ளையின் வரியைச் சரிபார்க்கும்போது மேலே இருக்கும் தாயின் பிறந்த தேதி நிரலுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கிடைக்க வைத்தேன். பொருந்தாத வரி சிவப்பாகும். அடியில், 'இவர் மேற்கண்ட தாயின் பிள்ளையாக இருக்க முடியாது' என்று வரும். அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்மாபுரத்தில் இருக்கும் என் அக்கா இரண்டாம் தாரமாகப் போனவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது, முதல் தாரத்தின் மகளுக்கு ஆறு. அந்தப் பெண் அக்கா பெற்றவள் இல்லை என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. விதியை எழுதியபோது அவள் நினைவு எனக்கு வராததற்கும் அதுதான் காரணம்.

அத்தான் இறந்த மறு வருடம், விண்ணப்பத்தின் கடைசி நாளில், அக்காவும் மகளும் கடலூரில் என் அறைக்கு வந்தார்கள். விடுதி கிடைக்காவிட்டால் கல்லூரி இல்லை. மகள்தான் டைப் செய்தாள். வரி சிவப்பானது. வாய்விட்டுப் படித்தாள்.

"இத யாரு மாமா எழுதுனது?"

"கம்ப்யூட்டரே போட்டுக்கும்மா" என்றேன். எவ்வளவு கேவலமான பதில்.

வெளியே போய் முதலாளிக்கு போன் செய்தேன். "நடுவுல மாத்துனா மத்தவங்க கேப்பாங்கப்பா, அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். அவரைக் கேட்காமல் மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். வேலை போய்விடுமே என்று பயந்தேன். சாயங்காலம் விண்ணப்பம் மூடிவிட்டது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "ஒம் பொண்ணா?" என்று கேட்டாளாம். அக்கா வாயைத் திறப்பதற்குள் மகள் "இல்ல" என்றுவிட்டாளாம்.

"கோவத்துல சொல்லியிருப்பாக்கா."

"கோவமா சொல்லிருந்தா பரவால்லடா" என்றாள் அக்கா. "சாதாரணமாத்தான் சொன்னா."