ஷூவுக்குள் பாம்பு இருந்தவரை பஸ் லேட்டானதில்லை

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பேங்குக்குப் போனால் உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. அப்படியிருந்தும் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டை வேனில் தொடங்கி, பஸ் வாங்கினேன், ஷெட் போட்டேன், மாடி வீடு கட்டினேன், மச்சானை டிரைவராக்கி மனுஷனாக்கினேன். இதெல்லாம் ஊருக்கே தெரியும். நான் கட்டிய கதை மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒரகடத்தில் கம்பெனிகள் முளைத்த சமயம். ஒரு கம்பெனிக்குக் காலை ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் காண்ட்ராக்ட் என்னுடையது. எல்லாம் தென்மாவட்டத்துப் பையன்கள், லாட்ஜிலும் வாடகை அறையிலும் இருப்பவர்கள். ஒருவன் பிரஷ்ஷோடு ஓடி வருவான், ஒருவன் சட்டையைக் கையில் பிடித்தபடி வருவான். பஸ் காத்துக் கிடக்கும். ஹெச்.ஆர். ஆபீசர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இனிமே லேட்டாச்சுன்னா வேற பஸ் போட்டுடுவேன்."

மறுநாளிலிருந்து நானே பஸ்ஸில் ஏறினேன். திட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கதை சொன்னால் சீக்கிரம் வருவான்கள் என்று யோசனை. "ஒருத்தன் எழுந்தான், சேஃப்டி ஷூவுல காலை வுட்டான், உள்ள இருந்த பாம்பு போட்டுடுச்சு" என்றேன். 'அய்யோ' என்றார்கள். அடுத்த நிமிஷம் குறட்டை.

அடுத்த நாள் புதுசாக வந்த பையன்களுக்கு அதையே சொல்லும்போது வாய் தவறி, ராத்திரி ஷூவுக்குள் பாம்பு புகுந்ததை முதலிலேயே உளறிவிட்டேன். கதை போச்சு என்று நினைத்தால், பஸ் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அவன் பல் விளக்கினான் என்றால், "எலேய், மொதல்ல ஷூவப் பாருலே!" என்று கத்துகிறார்கள்.

விடுவேனா? அவனைக் குளிக்க வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட வைத்தேன். சாக்ஸில் ஒன்றைக் காணாமல் அடித்தேன். வல்லம் வடகால் திருப்பத்தில்தான் அது கட்டிலுக்கடியில் கிடைத்தது. தெரியாத பாம்பு கொத்தினால் ஒரு நிமிஷப் பயம். தெரிந்த பாம்பு சும்மா படுத்திருந்தாலே ஒரகடம் வரைக்கும் தாங்கும். எந்த வாத்தியாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

பஸ் நகர்ந்தால்தான் கதை என்று சட்டம் போட்டேன். பையன்கள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். ஆனால் ஒரு நாள் காலை கம்பெனி கேட்டுக்குள் பஸ் நின்றும் ஒருவனும் இறங்கவில்லை. பஞ்ச் அடிக்க நேரமாகிறது. ஹெச்.ஆர். ஆபீசர் கோபமாக ஏறினார்.

"சார், சத்தம் போடாதீக, காலை உள்ள விடப்போறான்!" என்றான் முன்சீட்டுப் பையன்.

"யாரு? எந்த லைன்ல? சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடுங்க!"

மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முணுமுணுத்தான்: "மாமா, உன் பாம்பு நம்ம காண்ட்ராக்டையே கொத்திடும் போல கீது. அடிச்சுப் போடு, எல்லாம் இறங்கட்டும்."

"அடிச்சுட்டா நாளைக்கு எவன்டா நேரத்துக்கு வருவான்?"

இந்த இடத்தில்தான் என் மூளையைப் பார்க்க வேண்டும். "அவன் ஷூவைக் கவுத்துத் தட்டினான். பாம்பு ஜன்னல் வழியா ஓடியே போச்சு" என்றேன். பஸ்ஸே மூச்சுவிட்டது. திபுதிபுவென்று இறங்கினார்கள். கடைசி ஆள் படியில் கால் வைத்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "ஆனா ஷூ ரெண்டாச்சேடா!"

பஞ்ச் மிஷினுக்கு ஓடிக்கொண்டே கத்தினார்கள்: "பாவி மனுசா, சொல்லிட்டுப் போவும்!" பஸ்ஸைவிட்டு இறங்கப்போன ஆபீசர் திரும்பினார்.

"அதுலயும் இருந்துச்சா?"

"நாளைக்குச் சொல்றேன் சார். பஸ் ஓடணும்ல?"

மறுநாள் அவர் தன் காரை விட்டுவிட்டு என் பஸ்ஸில் வந்தார். அதற்கப்புறம் பஸ் லேட்டே ஆனதில்லை. கேட்டுக்கு முன்னால் பெரிய பயத்தை இறக்கிவிடுவேன், படியில் சின்னதாய் ஒன்றை ஏற்றி அனுப்புவேன். வருஷக் கடைசியில் காண்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள்.

கூடவே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். ஆட்கள் நேரத்துக்கு வரக் காரணம் 'புதிய ரூட் பிளான்' என்று போட்டிருந்தது. போய்க் கேட்டேன்.

"சார், அதே ரோடு, அதே பள்ளம். எது புதுசு?"

"பாம்புக் கதைன்னு போர்டுல எப்படிங்க போடறது?"

எப்படியா? பேனாவால்தான். மேனேஜ்மென்ட் பார்க்கும் என்று கூச்சமாக இருந்தால் பாம்பை விட்டுவிடட்டும், ஷூவையும் விட்டுவிடட்டும். ரூட் பிளானை அடித்துவிட்டு, 'பஸ் ஓனர் கதை சொன்னார், ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள்' என்று இங்கிலீஷிலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டட்டும்.