என் போனில் ஐந்து வீட்டுத் தண்ணீர்

அன்று தண்ணீர் அலுவலகக் கவுண்டரில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண். அவ்வளவுதான். எங்கள் சந்தின் மற்ற மூன்று வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒருவருக்கு ஷிப்டு, ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் எங்களைத் தாண்டி நகரத்துக்குப் போகும். பூந்தமல்லியில் எங்கள் சந்துக்கு லாரிதான். முன்பெல்லாம் எங்களுக்கு ஊற்றியதாக எழுதிவிட்டு லோடை ஓட்டலுக்கு விற்றுவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் புது முறை வந்தது. லாரி வந்ததும் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை டிரைவரிடம் சொன்னால்தான் தண்ணீர் திறக்கும். ஊற்றிய கணக்கு பிளாக்செயினில் ஏறும். ஒரே கணக்கு பல கம்ப்யூட்டர்களில் இருப்பதால் ஏறியதை எந்த அதிகாரியாலும் அழிக்க முடியாது என்றார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் நன்றாகப் புரிந்தது. சந்து முழுக்க அதையே சொல்லித் திரிந்தேன். லாரியும் தவறாமல் வந்தது.

கேஸ் சிலிண்டரோ கூரியரோ, எங்கள் சந்தில் எது வந்தாலும் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவள். அதே பழக்கத்தில், தண்ணீருக்கும் என் வீட்டை மட்டும் பதிந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். ஐந்து வீட்டு டிரம்மும் என் ஒரு நம்பரில் நிறைந்தன. ஒரே வீடு இவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்றால் அது வியாபாரம்தான் என்று கணக்கு முடிவு கட்டியது. வியாபார ரேட்டில் பதினெட்டாயிரத்து நானூற்று எழுபது ரூபாய் பில் வந்தது. கட்டும்வரை லாரி கிடையாது. வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கிறாள். கேன் தண்ணீரில் எத்தனை துணி அலசுவது? ராத்திரியெல்லாம் எனக்குக் கண் மூடவில்லை.

"அழிச்சிடும்மா, கண்ணு. தெரியாமப் பண்ணிட்டோம்" என்றேன்.

"அழிக்கவே முடியாதுக்கா. கீழ திருத்தம் சேர்க்கலாம். அஞ்சு வீட்டுக்காரங்களும் தண்ணி எடுத்தோம்னு கைரேகை வெச்சா பில்லு பிரிஞ்சிடும். வீட்டு ரேட்டுதான் வரும்" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ரேகை வெச்சா என் ஊடும் அதுல ஏறுமா?"

"ஏறும். இடத்தோட படமும் சேர்ந்து ஏறும்."

"அழியாதுன்னு நீதானமே சந்து பூரா சொல்லிகினு இருந்த?" அக்கா என்னிடம் திரும்பினாள். "நான் கீறது பொறம்போக்கு. நாளைக்கு இடிக்க வரவன் இத்தக் காட்டினா நான் இன்னா பண்றது? எனுக்கு வாணாம்மே."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி மட்டும் வாணும், பேரு வாணாமா? உன்னால என் பேத்தி நாறிகினு கீது!"

"கத்தாத நைனா. உன் கையில பட்டா கீது, நீ பேசுவ."

எனக்கு அவள்மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. மற்ற மூன்று வீடும் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுடையதும் அதே புறம்போக்கு இடம்தான்.

ஆறாயிரத்து ஐந்நூறு கட்டினால் இப்போதைக்கு லாரியை விடலாம் என்றாள் கம்ப்யூட்டர் பெண். குழந்தைக்குப் பேர் வைக்க வைத்திருந்த ஆறாயிரத்தை என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அக்கா சுருக்குப் பையை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை என் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"உன் பேருலயே கட்டு. என் பேரச் சொல்லாத."

பணத்தைக் கட்டினோம். மறுநாளே லாரி வரும் என்றாள் அந்தப் பெண். லாரி வந்தால் ஐந்து வீட்டிலும் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களில் யாருக்கு ஊற்றாதே என்று டிரைவரிடம் சொல்வேன்? ஊற்றினால் இன்னும் ஏறும். ஏறியது இறங்காது. ரசீதைப் பிரித்துப் பார்த்தேன். பாக்கி பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ரூபாய்.