மேலிருந்து எழுதிய மீதி

அம்மாவுக்கு நான் வாத்தியாராக இருந்தது மொத்தம் மூன்று வாரம். இன்று நினைத்தாலும் எங்காவது போய் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. கோவில்பத்தில் குடியிருந்தோம். அரசு எழுத்தர் வேலைக்கான தேர்வை அம்மா எழுதவிருந்தாள். அடுத்த முறை என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். மற்ற பாடமெல்லாம் அவளே படித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் பகுதியில் வரும் இரும எண்கள்தான் பிடிபடவில்லை. அதை எங்கள் பள்ளியில் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்து, நான் சொல்லித்தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதியாக வரும் பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் வரிசையாக எழுத வேண்டும். அதைக் கடைசி மீதியில் தொடங்கிக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. மேலிருந்தே எழுதினேன். எங்கள் கெட்ட நேரம், முதலில் போட்டது ஐந்தும் ஒன்பதும். 101, 1001. எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் ஒன்றுதான். புத்தகத்தில் பார்த்தால் விடை சரி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு வந்தபோது 011 என்று எழுதினேன். இஞ்சி தட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“முன்னாடி ஒரு சைபர் நிக்குதே, அதுக்கு என்னடி மதிப்பு? திருப்பி எழுதணுமோ?”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா. ஒனக்கு என்ன தெரியும்? சொன்னத எழுது.”

ஸ்கேலால் நோட்டைத் தட்டி வேறு சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே எழுதினாள்.

அவள் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பள்ளியில் என் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். ஐந்துக்கு எழுதிய 101 தவிர எல்லாம் தப்பு. என் நோட்டை மட்டும் சரிசெய்துகொண்டேன். வீட்டில் சொல்லிவிடலாம் என்று வந்தால், அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம், “எம்பொண்ணுதாங்க எனக்கு வாத்தியாரு” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாளும் போயிற்று. சனிக்கிழமை திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்து, ஹால் டிக்கெட்டில் திருநீறு தடவினாள். என் நெற்றியிலும் பூசினாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

தேறியவர்கள் பட்டியலில் அம்மாவின் எண் வரவில்லை. எதில் விட்டாய் என்று அப்பா கேட்டார். “நேரம் பத்தலைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

அவள் கொண்டுவந்திருந்த வினாத்தாளை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பார்த்தேன். இருபதை இரும எண்ணாக்கச் சொல்லியிருந்தது. ஓரத்தில் அம்மா வகுத்துப் பார்த்து, 10100 என்று சரியாகவே எழுதியிருந்தாள். பிறகு அதை அடித்துவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி 00101 என்று எழுதி, அந்த விடையையே குறித்திருந்தாள்.

அவளே குழம்பியிருக்கிறாள், என் மேல் தப்பில்லை என்று அன்று நினைத்தேன். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விளையாடப் போனேன்.