வெர்னின் காலும் டார்லீனின் போர்டும்

டார்லீன் கோவால்சிக், ஆயிரம் வாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆம்ப்ளிஃபயரின் ஆன்டெனா கேபிளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தாளாம். உள்ளே இருந்த டிரான்சிஸ்டருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையாம். ஒஹாயோவில், வானொலியில் ஊர் ஊராகப் பேசுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் சொல்வதில் பாதியைக் காற்றோடு விட்டுவிடலாம். மீதியை விசாரித்துத்தான் ஆகவேண்டும்.

விசாரித்தால், டார்லீன் பிடுங்கி எறிகிற ரகமே இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவள். பிடுங்குகிற ரகம் அவளுடைய ரேடியோ கிளப்பின் தலைவர் வெர்ன் ஸ்டோல்ட்ஸ். போன வருஷம் அவர் கைராசியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் கரியாயின. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் போனால், யார் அதிக ஊர்களோடு பேசுகிறார்கள் என்கிற ஜூன் போட்டிக்கு மட்டுமல்ல, கிளப்பின் ஆம்ப்ளிஃபயருக்கே கருமாதி.

அனுப்பிய சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வந்தால், டிரான்சிஸ்டர் கண் இமைப்பதற்குள் வெந்துவிடும். திரும்பி வருவதை ஒட்டுக்கேட்டு, அதற்கும் முந்திக்கொண்டு இயக்கத்தை நிறுத்துவதற்கென்று ஒரு காவல் போர்டு. அதற்குத்தான் டார்லீன் மூன்று வாரமாகத் தன் கராஜில் வயர் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டி முடியறவரைக்கும் இது உசுரோட இருந்தா, என் கையால செர்ரி பை பலகாரம் சுட்டுத் தரேன்," என்றார் வெர்ன். மனிதர் ஓவனைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

முதல் சோதனை வியாழக்கிழமை மதியம். ஆன்டெனாவுக்குப் பதிலாக, பெயின்ட் டப்பா எண்ணெயில் மூழ்கிய ஒரு ரெசிஸ்டர். வந்ததையெல்லாம் விழுங்கும், எதையும் திருப்பி அனுப்பாது. டார்லீன் இருபது வாட் ஏற்றினாள்.

டிக். சிவப்பு விளக்கு. எல்லாம் அணைந்தது.

"அடிக்கறதுக்கு முன்னாடியே அழுவுதே உன் பிள்ள!" என்று வெர்ன் தொடையில் தட்டிச் சிரித்தார். "போர்டுல இருக்கற அந்தத் திருகை ரெண்டு சுத்து சுத்து. வாயை மூடிக்கும்."

"கைய எடுய்யா!"

"சும்மா பயமுறுத்துதும்மா. போன வருஷமும் பழைய போர்டு இப்படித்தான் கத்துச்சு, நான் திருகை..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். டார்லீன் அவரையே பார்த்தாள்.

"ரெண்டு தடவையுமா?"

வெர்னுக்குத் திடீரென்று காப்பி ஞாபகம் வந்துவிட்டது.

டார்லீன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டாள். விளக்கு பொய் சொல்லவில்லை என்றால் எதையோ பார்க்கிறது என்று அர்த்தம். எதை? விரலால் தடவிக்கொண்டே போனாள். போகிற சக்தியை அளக்கும் வயரும் திரும்புகிற சக்தியை அளக்கும் வயரும் ஒரே பழுப்பு நிறம். இரண்டும் இடம் மாறியிருந்தன. போர்டு போகிறதைப் பார்த்து, திரும்பி வருகிறது என்று அலறியிருக்கிறது. திருகைத் திருகியிருந்தால் காவல்காரனைக் குருடாக்கியது போல் ஆகியிருக்கும்.

வயர்களை மாற்றினாள். இருபது வாட். நூறு. ஐந்நூறு. ஆயிரம்! வாட் காட்டும் முள் ஏறியது, விளக்கு பச்சையிலேயே நின்றது. டார்லீன் தன்னையறியாமல் பெயின்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டாள். சூடு பொறுக்காமல் விட்டாள்.

சனிக்கிழமை போட்டி. பத்தரை மணிக்கு, வழக்கமாக அக்கம்பக்கத்தைத் தாண்டாத ஆறு மீட்டர் அலைவரிசை மடையுடைத்தாற்போல் திறந்துகொண்டது. ஃப்ளோரிடா, கியூபா, போர்ட்டோ ரீகோ! ஒருவருக்குப் பதில் சொல்வதற்குள் நாலு பேர் கூப்பிட்டார்கள். டார்லீனின் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"பார்படோஸ் கூப்பிடறான்யா! பார்படோஸ்!"

"எங்கே, எங்கே?" என்று காப்பியோடு ஓடிவந்த வெர்னின் கால், தரையில் கிடந்த ஆன்டெனா கேபிளில் மாட்டியது. கேபிள் பிளக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. அப்போது முள் நின்றிருந்தது ஆயிரத்தில்.

டிக்.

சிவப்பு விளக்கு. காப்பி தரையில்.

டார்லீன் புதுப் பிளக்கைப் பற்றவைத்தாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் பொத்தானை அழுத்தினாள். முள் எழுந்தது, ஆயிரத்தில் போய் நின்றது. பார்படோஸ்காரர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்! வெர்ன் எழுபத்திரண்டு வயதை மறந்து குதித்தார்.

ஆக, கேபிளைப் பிடுங்கியது உண்மை. கை அல்ல, கால். காலுக்குச் சொந்தக்காரர்தான் வதந்திக்கும் சொந்தக்காரர்.

"தலைவரே தடுக்கி விழுந்தாருன்னு சொன்னா மரியாதையா இருக்குமா? உனக்கும் பேருதானே!"

"பேரை நீயே வெச்சுக்கோ. செர்ரி பை எங்கே?"

"பன்னிரண்டு நிமிஷம் அது ஓடலையே. செத்துப் பொழச்சதெல்லாம் கணக்கில்ல."

டார்லீன் விடவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேல் ஒரு காலித் தட்டை வைத்து, டேப்பில் 'வெர்ன்' என்று எழுதி ஒட்டிவிட்டாள். கிளப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தட்டைத்தான் பார்த்தார்கள். போன ஞாயிறு அவளுக்கு ஃபோன் வந்தது.

"டார்லீன், ஓவன்ல சிவப்பு விளக்கு எரியுதே. எந்தத் திருகைத் திருகணும்?"

"எதையும் தொடாதேய்யா!"

தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.